முகம் வீங்கிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிட்டேன். சரிதானா?

வெட்டாறு | நீடாமங்கலம் பக்கம் | ஜூலை 8, இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை இங்கே குறுவை நாற்று, உரம், மும்முனை மின்சாரம் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இன்று மகளுக்காக எழுதுகிறேன்.

வயது 11, எடை 28 கிலோ. மாசியில் தொடங்கியது. மலத்தோடு ரத்தமும் சளியும். பகலில் ஏழெட்டு முறை. போதாதென்று விடியற்காலை மூன்று மணிக்கும் எழுந்து ஓடுவாள். சீதபேதி என்று ஒருவர் மாத்திரை கொடுத்தார். நின்றது போல் நின்று மறுபடி வந்தது. இன்னொருவர் உள்மூலம் என்றார். பதினோரு வயதுப் பிள்ளைக்கு மூலமா என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். பள்ளி திறப்பதற்குள் ஹீமோகுளோபின் 7.4க்கு இறங்கிவிட்டது. பிறகு தஞ்சாவூரில் மயக்கம் கொடுத்து, ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடல் நெடுகப் புண். சதை எடுத்துச் சோதித்ததிலும் அல்சரேடிவ் கோலைடிஸ் என்று உறுதியானது. உறவினர்களிடம் சொன்னால், "அல்சர்தானே, வேளாவேளைக்குச் சாப்பிட்டால் போய்விடும்" என்கிறார்கள். இது வயிற்றுப்புண் அல்ல என்று விளக்கி விளக்கி வாய் வலிக்கிறது.

ஜூன் 20 முதல் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, தினமும் காலையில் 30 மில்லிகிராம். கூடவே மெசலமைன், இரும்புச்சத்து, கால்சியம். ஐந்தாம் நாளே ரத்தம் நின்றது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் இப்போது முகம் பூரி போல உப்பிவிட்டது. ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து சோறு கேட்கிறாள். ஒன்றுமில்லாததற்கு அழுகிறாள், தம்பியை அடிக்கிறாள். "ஸ்டீராய்டு கொடுத்துப் பிள்ளையைக் கெடுக்கிறாய், இனி வளரவே மாட்டாள்" என்று என் அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார்கள்.

ரத்தம்தான் நின்றுவிட்டதே என்று நேற்றும் இன்றும் அந்த மாத்திரையை மட்டும் கொடுக்கவில்லை. மருத்துவரிடம் சொல்லவில்லை. இன்று மாலையிலிருந்து பிள்ளை துவண்டு கிடக்கிறாள், குமட்டுகிறது என்கிறாள். நான் செய்தது சரிதானா?

பழைய மருந்துக்கடை | மன்னார்குடி | ஜூலை 8, இரவு 10.05

சரியில்லை. இதைப் படித்ததும் பக்கத்தை மூடிவிட்டு மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். அவர் எடுக்காவிட்டால் பிள்ளையைச் சேர்த்திருந்த வார்டுக்குப் பேசுங்கள். "17 நாள் 30 மில்லிகிராம் கொடுத்தேன், இரண்டு நாளாகக் கொடுக்கவில்லை, துவண்டு கிடக்கிறாள்" என்று மறைக்காமல் சொல்லுங்கள். வாந்தி எடுத்தாலோ, எழுப்பினால் சரியாக முழிக்காவிட்டாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள், வண்டி பிடியுங்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம்.

வெட்டாறு | ஜூலை 8, இரவு 11.40

பேசிவிட்டேன் ஐயா. வார்டில் இருந்த இளம் மருத்துவர் தலைமை மருத்துவரிடம் கேட்டுச் சொன்னார். இன்றைய மாத்திரையைச் சாப்பாட்டோடு உடனே கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன், வாந்தி இல்லை. காலையில் நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை போல இருந்தது.

பழைய மருந்துக்கடை | ஜூலை 9, காலை 6.10

நல்லது. இப்போது விளக்கம் சொல்கிறேன். நீங்கள் விவசாயி, உங்கள் பாஷையிலேயே சொல்லலாம்.

நம் ஒவ்வொருவருக்கும் சிறுநீரகத்தின் தலைமாட்டில் அட்ரீனல் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. கார்ட்டிசால் என்ற சுரப்பு அங்கிருந்துதான் தினமும் வருகிறது, காலையில் அதிகமாக. மாத்திரையைக் காலையில் கொடுக்கச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். பிரெட்னிசொலோன் அந்தச் சுரப்பின் வேலையையே பல மடங்கு செய்கிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்த வயலுக்கு ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரைத் திறந்துவிட்டது போல. மோட்டார் ஓடும்வரை வாய்க்காலை யார் பார்க்கிறார்கள்? மண் மேடிட்டு, ஆகாயத்தாமரை மண்டி அடைத்துக்கொள்ளும். திடீரென்று ஒரு நாள் மோட்டாரை நிறுத்தினால் போர்த் தண்ணீரும் இல்லை, ஆற்றுத் தண்ணீரும் இல்லை. சோர்வு, குமட்டல், மயக்கம், ரத்த அழுத்தம் சரிவது எல்லாம் அதனால் வருபவை. காய்ச்சலோ வாந்திபேதியோ அந்த நேரத்தில் சேர்ந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து.

அதனால்தான் படிப்படியாகக் குறைப்பது. மோட்டாரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் வாய்க்கால் தூர் வாரிக்கொள்ள நேரம் கிடைக்கும். நீங்கள் மூன்று வாரத்தை நெருங்கிக்கொண்டிருந்தீர்கள், வாய்க்கால் அடைபடும் அளவுக்கு.

குடமுருட்டி | பாபநாசம் | ஜூலை 9, காலை 9.20

அண்ணா, உங்கள் அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். என் மாமியாரும் இப்படித்தான் இருந்தார்கள், நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் மகனுக்கு ஒன்பது வயதில் வந்தது. இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். முதல் முறை ரத்தம் நின்றதும், "போதும்" என்று நானே ஒரு மாதத்தில் மாத்திரையை நிறுத்தினேன். மெசலமைனையும் சேர்த்தே நிறுத்தினேன், பார்த்துக்கொள்ளுங்கள். ஆறு வாரத்தில் நோய் திரும்பியது, முன்பைவிட மோசமாக. நாளுக்குப் பதினைந்து முறை, கழிப்பறையில் வெறும் ரத்தம். சேர்த்துவிட்டு, நரம்பு வழியாக மீத்தைல் பிரெட்னிசொலோன் ஏற்றினார்கள்.

அங்கே ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். ஊசி போடத் தொடங்கிய அன்றே மருத்துவர் சொல்லிவிட்டார்: "மூன்றாம் நாள் கணக்குப் பார்ப்போம், ஐந்தாம் நாள் முடிவெடுப்போம்." வலி, ரத்தம், மலத்தின் தன்மை, எத்தனை முறை, இரவில் எழுகிறானா, ஓடியாடுகிறானா என்று ஆறே கேள்விகள். அதற்கு மதிப்பெண், மொத்தம் 85. 65ஐத் தொட்டாலே கடுமை. 10க்குக் கீழே இருந்தால் நோய் அடங்கியதாக அர்த்தம். என் பிள்ளை மூன்றாம் நாள் 55. ஸ்டீராய்டு கேட்கவில்லை. அளவை ஏற்றுவார்கள் என்று நினைத்தேன், ஏற்றவில்லை. கேட்காத மருந்தை நீட்டிக்கொண்டே போனால் குடல் ஓட்டையாகும் அபாயம் உண்டு என்றார்கள். காசநோய் இருக்கிறதா என்று அதற்குள்ளேயே சோதித்து வைத்திருந்ததால், ஐந்தாம் நாள் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற வேறு வகை மருந்தை ஏற்ற முடிந்தது. அதுவும் கேட்காவிட்டால் குடலை எடுக்கும் அறுவை சிகிச்சை என்று அறுவை மருத்துவர் ஒருவரையும் வரவழைத்துப் பேசவைத்தார்கள். அன்று அழுதேன். இப்போது யோசித்தால், ஒளித்து வைக்காமல் சொன்னார்களே என்று நன்றியாக இருக்கிறது.

தாளடி | திருத்துறைப்பூண்டி | ஜூலை 9, பகல் 1.15

எல்லோரும் ஸ்டீராய்டுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். என் சித்தப்பா இழுப்புக்காக மருந்துக்கடையில் அந்த மாத்திரையை வாங்கி வாங்கிச் சாப்பிட்டார், எட்டு வருஷம். சர்க்கரை வந்தது, கண்ணில் புரை விழுந்தது, கடைசியில் இடுப்பு எலும்பு செத்துவிட்டது என்றார்கள். நடவு வயலில் ராஜா மாதிரி நின்ற மனிதர், இன்று ஊன்றுகோலோடு திண்ணையில். இதை வளரும் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? எங்கள் பக்கத்தில் ஒருவர் குடல்புண்ணுக்குப் பொடி கொடுக்கிறார். 48 நாள் மோரில் கலந்து குடித்தால் வேரோடு போகும். எண் தருகிறேன்: [நீக்கப்பட்டது]

நெறியாளர் | ஜூலை 9, பகல் 1.40

தாளடி அவர்களே, பேசுங்கள், மறுத்தும் பேசுங்கள். பிள்ளையின் நோய்க்குப் பெயரில்லாத பொடி விற்பவரின் எண்ணை மட்டும் இங்கே போடாதீர்கள்.

பழைய மருந்துக்கடை | ஜூலை 9, பகல் 3.30

தாளடி, உங்கள் சித்தப்பாவின் கதையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த மாத்திரைகளை என்னைப் போன்ற ஒருவன்தான் கல்லாவில் உட்கார்ந்து கொடுத்திருப்பான்.

31 வருஷம் கடை நடத்தினேன். மருத்துவர் ஒரு வாரத்துக்கு எழுதிய சீட்டைக் கொண்டுவந்து எட்டு மாதம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். சீட்டின் மடிப்பு கிழிந்து, ஒட்டுப்போட்டு எடுத்து வருவார்கள். "மூட்டு வலிக்கு அது ஒன்றுதான் கேட்கிறது" என்பார்கள். கேட்கத்தான் செய்யும், அதுதான் அதன் சூது. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் உள்ள மருந்து அது. முதல் பத்து வருஷம் நானும் கொடுத்தேன். பிறகு நிறுத்தினேன், வாடிக்கையாளர் எதிர்க்கடைக்குப் போனார்கள். ஆகவே மருந்தைக் குற்றம் சொல்லுமுன் முதலில் என்னைச் சொல்லுங்கள்.

ஆனால் எட்டு வருஷம் கணக்கில்லாமல் விழுங்கியதும், எட்டு அல்லது பத்து வாரம் எடை பார்த்து, ரத்த அழுத்தம் பார்த்து, குறைக்கும் தேதி எழுதிக் கொடுப்பதும் ஒன்றாகிவிடாது. பொடி விஷயம்: அதில் என்ன இருக்கிறது என்று கொடுப்பவருக்கே தெரியாவிட்டால் பிள்ளைக்கு எதற்கு? முறையாகப் படித்த சித்த மருத்துவரைப் பார்ப்பதென்றால் பாருங்கள், இந்த மருந்துகள் ஓடுகின்றன என்று அவரிடமும் சொல்லுங்கள், குடல் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

இரவுப்பணி | திருச்சி | ஜூலை 9, இரவு 11.55

குழந்தை மருத்துவம் முடித்துவிட்டு, குழந்தைகளின் குடல், கல்லீரல் நோய்களில் பயிற்சியில் இருக்கிறேன். உங்கள் மருத்துவர் எழுதியதை மாற்ற இங்கே எதுவும் சொல்ல மாட்டேன். அவர் ஏன் அப்படி எழுதியிருப்பார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

28 கிலோ, 30 மில்லிகிராம். இந்த நோய்க்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்பதே வழக்கமான கணக்கு. பெரிய பிள்ளைகளானாலும் பொதுவாக 40ஐத் தாண்டுவதில்லை. சிறுநீரகத்தில் புரதம் ஒழுகும் நெஃப்ராடிக் நோய்க்குக் கிலோவுக்கு 2 கொடுக்கிறோம். "அடுத்த வீட்டுப் பையனுக்கு 50, எனக்கு 30தானா" என்று ஒரு தாய் என்னிடமே கேட்டிருக்கிறார். நோய் வேறு, கணக்கு வேறு. இரண்டு மூன்று வாரம் முழு அளவு, பிறகு வாரத்துக்கு வாரம் குறைத்து, மொத்தம் இரண்டு மாதம் அல்லது சற்றுக் கூடுதல்.

இந்த மருந்து வகையின் கதை எனக்குப் பிடித்த கதை. மூட்டுவாதத்துக்கு கார்ட்டிசோன் கொடுத்துப் படுக்கையில் கிடந்தவர்களை எழுப்பியதற்குப் பின்னால் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. 1955இல் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரண்டு ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவர்கள் பெருங்குடல் புண்நோய் உள்ள 210 பேரிடம் அதைச் சோதித்த முடிவை வெளியிட்டார்கள். ஆறு வாரத்தில், கார்ட்டிசோன் எடுத்தவர்களில் 100க்கு 41 பேருக்கு நோய் அடங்கியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 16 பேருக்கு. அதற்கு முன் கடுமையாக வந்தவர்களில் பலர் இறந்துபோனார்கள். ஆனால் கதையின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. அடங்கிய நோயை அடங்கியபடியே வைத்திருக்க இது உதவாது என்பதும் 1965க்குள் தெரிந்துவிட்டது. நோயை அடக்கத் தெரியும், காவல் காக்கத் தெரியாது.

காவலுக்குத்தான் மெசலமைன். ரத்தம் நின்றாலும், பிள்ளை கபடி ஆடினாலும் அது தொடர வேண்டும். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் போதுமா என்றால், போதாது. அமெரிக்கா, கனடாவில் 400 பிள்ளைகளை ஓராண்டு தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், மெசலமைன் மட்டும் எடுத்து, ஸ்டீராய்டு இல்லாமல் ஆண்டு முடிவில் நலமாக இருந்தவர்கள் 100க்கு 38 பேர். மற்றவர்களில் பலருக்கு, உடலின் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் அசத்தியோபிரின் அல்லது இன்ஃப்ளிக்ஸிமாப் போன்றவை தேவைப்பட்டன. அசத்தியோபிரின் கொடுக்கும்போது ரத்த அணுக்களை அடிக்கடி எண்ணிப் பார்க்க வேண்டும். நம் நாட்டவரில் சிலருக்கு என்.யு.டி.டி. 15 என்ற மரபணு மாற்றத்தால் அந்த மருந்து வெள்ளணுக்களைச் சட்டென்று இறக்கிவிடும்.

ஆகவே ஸ்டீராய்டு தொடங்கிய முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி, "இதிலிருந்து எப்படி வெளியே வருவோம், வர முடியாவிட்டால் அடுத்தது என்ன" என்பது. வருஷத்துக்கு இரண்டாம் முறை இதே மாத்திரையில் வந்து நின்றால், அல்லது குறைக்கக் குறைக்க நோய் எட்டிப் பார்த்தால், வேறு மருந்துக்குப் போகும் நேரம் அது. மறுபடி மறுபடி ஸ்டீராய்டு எழுதும் மருத்துவரிடம் பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

வளர்ச்சி பற்றி. பயம் நியாயமானது. ஆனால் புண்ணாகிக் கிடக்கும் குடலும் வளர்ச்சியைத் தின்னும். 7.4 ஹீமோகுளோபினோடு எந்தப் பிள்ளையும் உயர்வதில்லை. சில வாரங்கள் மட்டும் கொடுத்து நிறுத்தினால் பெரும்பாலும் விட்டதைப் பிடித்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் இழுத்தால்தான் உயரம் நிற்கும், எலும்பு மெலியும். சுவரில் கோடு போட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து, அந்த அளவைப் பரிசோதனைக்கு எடுத்துப் போங்கள்.

தாளடி | ஜூலை 10, காலை 7.00

மருத்துவர் தம்பி, இதை யாராவது என் சித்தப்பாவுக்கு அன்றைக்குச் சொல்லியிருந்தால் நான் இப்படிப் பேசியிருக்க மாட்டேன். ஒன்று கேட்கிறேன். மூன்று மாதம் சீதபேதி என்று வைத்தியம் பார்த்தவர்கள் தெரியாமல் செய்தார்களா?

இரவுப்பணி | ஜூலை 10, பகல் 12.20

தெரியாமல் என்று சொல்ல முடியாது அண்ணா. நம் ஊரில் ரத்தம் கலந்த கழிச்சல் என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு அமீபாவோ கிருமியோ என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இரண்டு வாரம் தாண்டியும் ரத்தம் நிற்கவில்லை, எடை குறைகிறது, தூக்கத்திலிருந்து எழுந்து ஓடுகிறாள் என்றால் அது வேறு என்று சந்தேகிக்க வேண்டும். அங்கேதான் தவறிப்போகிறது.

தலைகீழாகவும் தவறு நடக்கும். அமீபாவைச் சரியாகத் தேடாமல் ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் குடல் அழுகும் அளவுக்குப் போகலாம். குடல் காசநோயையும் ஒதுக்க வேண்டும். டெல்டாவில் இன்னொன்று: வயலில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்குப் பாதத்தோல் வழியாக ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்ற நுண்புழு ஏறும். வருஷக்கணக்கில் சும்மா இருக்கும், ஸ்டீராய்டு உள்ளே போனதும் பெருகும். மலப் பரிசோதனையை அலுத்துக்கொள்ளாமல் செய்யச் சொல்வது அதற்காகத்தான்.

அரசலாறு | கும்பகோணம் | ஜூலை 10, மாலை 5.45

எனக்கு 19 வயது. 12 வயதில் இதே நோய், இதே மாத்திரை. பெரியவர்கள் எலும்பு, அட்ரீனல் என்றெல்லாம் எழுதிவிட்டீர்கள். நான் முகத்தைப் பற்றி எழுதுகிறேன்.

உங்கள் மகள் கண்ணாடி பார்ப்பதை நிறுத்தியிருப்பாள். கவனித்தீர்களா? நான் நிறுத்தினேன். வகுப்பில் எனக்கு "பன்னு" என்று பெயர். ஆண்டு விழாவுக்குக் குழுப்படம் எடுத்தபோது கடைசி வரிசையில் உயரமான பெண்ணுக்குப் பின்னால் நின்று குனிந்துகொண்டேன். அந்தப் படத்தில் என் ரெட்டைச் சடையின் ஒரு ரிப்பன் மட்டும் தெரியும். ஊர்க்காரர்கள் அதற்கு நேர் எதிர். "நன்றாகச் சதை போட்டிருக்கிறாளே, உடம்பு தேறிவிட்டது" என்பார்கள். அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

"அழகாகத்தான் இருக்கிறாய்" என்று சொல்லாதீர்கள். அவள் நம்ப மாட்டாள், உங்களையும் நம்புவதை விட்டுவிடுவாள். "இது மருந்தால் வந்தது, மருந்து குறையக் குறைய இதுவும் குறையும், இன்ன மாதத்தில் பழைய முகம் வரும்" என்று சொல்லி நாள்காட்டியில் காட்டுங்கள். எனக்கு மருத்துவமனையில் ஒரு செவிலியர் அக்கா அப்படித்தான் காட்டினார். நான் தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டு வந்தேன். மாத்திரை நின்று மூன்று மாதத்துக்குள் முகம் திரும்பியது.

பசியைக் கேலி செய்யாதீர்கள். அது அவள் பசி இல்லை, மருந்தின் பசி. அப்பா என் இட்லியை எண்ணுவார். ஏழு என்று வாய்விட்டுச் சொல்வார். இன்றுகூட ஏழாவது இட்லி எடுக்கும்போது அவர் முகத்தைப் பார்ப்பேன்.

அழுகையும் கோபமும் பாதி மருந்துதான். மீதிப் பாதி நோயைப் பார்த்த பயம்.

கரும்பலகை | மயிலாடுதுறை | ஜூலை 10, இரவு 8.30

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. சுருக்கமாக ஒன்று. வகுப்பாசிரியரிடம் நோயின் பெயரோடு எழுதிக் கொடுங்கள். கேட்காமலே கழிப்பறைக்குப் போக அனுமதி வாங்குங்கள். மாற்றுடை ஒன்று ஆசிரியர் அறையில் இருக்கட்டும். என் வகுப்பில் ஒரு பையன் மூன்று முறை அனுமதி கேட்டான், நான் மூன்றாம் முறை மறுத்தேன். அதற்குப் பிறகு அவன் பள்ளிக்கு வரவில்லை. நானே வீட்டுக்குப் போய்ப் பேசி அழைத்து வந்தேன்.

வெட்டாறு | ஜூலை 11, காலை 10.15

இது அவருடைய மனைவி எழுதுகிறேன். முந்தாநாள் நேரில் காட்டினோம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியாக இருக்கின்றன. நாளையிலிருந்து 25, பிறகு படிப்படியாகக் குறைக்கத் தேதி போட்டுக் கொடுத்தார்கள். எனக்குச் சமையலில்தான் குழப்பம். ஆளுக்கொன்று சொல்கிறார்கள். காரம் கூடாது, பால் கூடாது, முட்டை கூடாது, பழையது கூடாது. பிள்ளை எதைத்தான் சாப்பிடுவாள்? இன்னொரு விஷயம், எதிர்வீட்டுப் பையனுக்கு நேற்று அம்மை போட்டிருக்கிறது. இவள் முந்தாநாள் அவனோடு தாயம் ஆடினாள்.

இரவுப்பணி | ஜூலை 11, காலை 10.40

சமையலை விடுங்கள் அக்கா, கடைசி வரிதான் அவசரம். இப்போதே மருத்துவரிடம் சொல்லுங்கள். பிள்ளைக்கு முன்பு அம்மை வந்திருக்கிறதா, சின்னம்மைத் தடுப்பூசி போட்டிருக்கிறதா?

இந்த அளவு ஸ்டீராய்டில் இருக்கும் பிள்ளைக்குச் சின்னம்மை வந்தால் நுரையீரல், கல்லீரல் வரை போகலாம். எதிர்ப்பாற்றல் இல்லாத பிள்ளைக்கு, தொற்று பட்ட சில நாட்களுக்குள் தடுப்பு மருந்து கொடுக்க முடியும். கொப்புளம் வந்த பிறகென்றால் வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தாமதிக்காமல் தொடங்க வேண்டும். வேப்பிலை கட்டுங்கள், பங்குனியில் வலங்கைமானுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. மூன்று தண்ணீர் ஊற்றும்வரை வீட்டோடு வைத்திருப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

வெட்டாறு | ஜூலை 11, பகல் 2.05

மனைவிதான். நான்கு வயதில் இவளுக்கு அம்மை நன்றாகவே வந்தது, தழும்பு இருக்கிறது. மருத்துவர் கேட்டுவிட்டு, பயமில்லை, ஆனால் காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள் என்றார்கள். இப்போதுதான் மூச்சு வந்தது.

குடமுருட்டி | ஜூலை 11, மாலை 4.30

அக்கா, இப்போது சமையல். இந்த நோயைத் தனியாக எந்த உணவும் கொண்டுவரவும் இல்லை, எந்தப் பத்தியமும் விரட்டவும் இல்லை. பாலால் வயிறு உப்பி வலித்தால் மட்டும் பாலை நிறுத்துங்கள், இல்லையென்றால் கொடுங்கள், எலும்புக்கு வேண்டும். முட்டை, மீன் தாராளமாக. கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. இப்போதைக்குச் சக்கையை வடிகட்டிப் பால்கஞ்சியாகக் காய்ச்சுங்கள், குடல் ஆறிய பிறகு அடையாகத் தட்டலாம். உப்பைக் குறையுங்கள்: அப்பளம், கருவாடு, ஊறுகாய் இந்த இரண்டு மாதம் வேண்டாம். என் பிள்ளைக்கு நார்த்தங்காய் இல்லாமல் மோர்ச்சோறு இறங்காது, அதற்கு நடந்த சண்டை தனிக்கதை. இரவுப் பசிக்கு முறுக்கு, மிக்சர் வைக்காமல் அவித்த பயறு, மோர், வாழைப்பழம் வையுங்கள். காய்ச்சல், வலி என்றால் பாராசிட்டமால் மட்டும். இப்யூபுரூஃபன் வகையறா குடலைக் கிளறிவிடும்.

பழைய மருந்துக்கடை | ஜூலை 11, இரவு 9.00

தடுப்பூசி பற்றி ஒரு வரி சேர்க்கிறேன். பள்ளியில் பத்து வயதுக்குப் போடும் டிடி உயிரற்றது, பயமில்லை. தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகள் உயிருள்ள கிருமியால் ஆனவை. ஸ்டீராய்டு நின்று ஒரு மாதமாவது ஆகட்டும். செலவு பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், அடுத்த கட்டச் சிகிச்சை வருமுன்பே மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் எது அடங்கும், எது அடங்காது என்று எழுத்தில் கேட்டு வையுங்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ வேலூருக்கோ இரண்டாம் கருத்துக்குப் போவதென்றால் குடல் சோதனை அறிக்கை, சதைப் பரிசோதனைத் தாள் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெறுங்கையோடு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் எல்லாச் சோதனையும் முதலிலிருந்து செய்யச் சொல்வார்கள்.

வெட்டாறு | ஆகஸ்ட் 19, இரவு 9.30

ஒரு மாதமாக எழுதவில்லை, குறுவை வேலை. 10 மில்லிகிராமுக்கு இறங்கி ஒன்பது நாள் ஆகிறது. நேற்றும் இன்றும் மலத்தில் லேசாக ரத்தக்கோடு. இந்த முறை நானாக எதையும் செய்யவில்லை. காலையிலேயே கூப்பிட்டுச் சொன்னேன். குடல் அழற்சியைக் காட்டும் கால்புரொடெக்டின் என்ற பொருளை மலத்தில் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை 10லேயே நிற்கச் சொன்னார்கள். இரவில் படுக்கும்போது ஆசனவாய் வழியாக ஏற்றும் மெசலமைன் மருந்து கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைக்குக் கூச்சம்; அவள் அம்மாவைத் தவிர யாரும் அறையில் இருக்கக் கூடாதாம். மறுபடி 30க்கு ஏற்றிவிடுவார்களோ என்றுதான் பயந்தேன். "ஏற்றுவதாக இல்லை, இது அடங்காவிட்டால் மருந்தையே மாற்றுவோம்" என்றார்.

அரசலாறு | ஆகஸ்ட் 19, இரவு 10.10

இடது பக்கம் திரும்பிப் படுத்து, மருந்துப் புட்டியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துச் சூடாக்கிவிட்டு ஏற்றச் சொல்லுங்கள். சில்லென்று இருந்தால்தான் உடனே வெளியே தள்ளும். முதல் நான்கு நாள்தான் அழுகை வரும்.

வெட்டாறு | அக்டோபர் 14, இரவு 8.45

செப்டம்பர் 20ஆம் தேதியோடு ஸ்டீராய்டு நின்றது. இரண்டு வாரம் 10லேயே நிறுத்தி, பிறகு 5, பிறகு இல்லை. மெசலமைன் தொடர்கிறது, இரவு மருந்து வாரத்துக்கு மூன்று நாள். ரத்தம் இல்லை. ஹீமோகுளோபின் 11.6. நிலைக்கதவில் போட்ட கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஏறியிருக்கிறாள். அடுத்த முறை நோய் எட்டிப் பார்த்தால் அசத்தியோபிரின் என்று மருத்துவர் இப்போதே குறிப்பேட்டில் எழுதிவிட்டார்.

அரசலாறு, உனக்கு ஒரு செய்தி. பள்ளியில் குழுப்படம் எடுத்தார்களாம். குட்டையான பிள்ளைகளைத்தான் முன்வரிசையில் உட்கார வைத்தார்களாம், இவளை இரண்டாம் வரிசையில் நிறுத்திவிட்டார்களாம். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. ஆடியில் தைத்த பாவாடை சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது, தீபாவளிக்குள் பிடித்துத் தர வேண்டுமாம்.

பழைய மருந்துக்கடை | அக்டோபர் 14, இரவு 9.20

நல்ல செய்தி. ஒன்று கேட்கிறேன். மீந்த மாத்திரை வீட்டில் இருக்கிறதா? பழைய சீட்டு?

வெட்டாறு | அக்டோபர் 14, இரவு 9.35

எட்டு மாத்திரை மீந்தது. முழங்கால் வலிக்கு ஆகுமா என்று அம்மாவே ஒரு நாள் கேட்டார்கள் ஐயா, உங்கள் கடைக்கு வந்தவர்களைப் போல. மருத்துவமனையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். சீட்டின் குறுக்கே மருத்துவர் சிவப்பு மையில் கோடு போட்டுத் தேதி எழுதிக் கொடுத்தார். அரிசி டப்பாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறோம்.